ரிஃப் உன்னுது... பாட்டு யாருது? ஒரு தமிழ் ராக் பேண்ட் தாக்குப்பிடிக்கும் கணக்கு!

கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம்... ரேடியல் ரோட்டை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் நடந்து பாருங்கள். எங்காவது ஒரு மொட்டைமாடி ரூமிலிருந்து கிட்டார் சத்தம் கேட்கும். காலேஜ் பசங்க நாலஞ்சு பேர், கடன் வாங்கின ஆம்ப் ஒண்ணு, சுவர் முழுக்க முட்டை அட்டை. 'பேண்ட் ஆரம்பிச்சாச்சு, பேர் வெச்சாச்சு, இன்ஸ்டா பேஜும் ஓப்பன் பண்ணியாச்சு. அடுத்து என்ன?'

அடுத்து மூன்று வேலைகள். சொந்தமாகப் பாட்டு எழுதணும். ஊர் ஊராகப் போய் வாசிக்கணும். ஆல்பத்தை நாலு பேர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். மூன்றுமே கஷ்டம்தான், ஆனால் கத்துக்கலாம். பேண்டுகள் உடையும்போது பல நேரம் சண்டை இசையைப் பற்றி இருக்காது. 'இது யாரோட பாட்டு, வர்ற காசு யாருக்கு?' என்ற கேள்வியை யாரும் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க மாட்டார்கள். சினிமாவில் தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி என்று யாராவது அந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பார்கள். தனியாக இயங்கும் பேண்டுக்கு அதை அவர்களேதான் எழுதிக்கொள்ளணும். எப்படின்னு படிப்படியா பார்ப்போம்.

முன்னாடி போனவங்க யாரு?

சென்னையில் ராக் என்றால் ரொம்ப நாளைக்கு ஆங்கிலப் பாட்டுதான். ஐ.ஐ.டி-யின் சாரங், தாம்பரம் எம்.சி.சி-யின் டீப்வுட்ஸ் மாதிரியான கல்லூரி விழாக்களில் வெளிநாட்டு பேண்டுகளின் பாட்டை அச்சு அசலாக வாசித்தால் கைத்தட்டல் பறக்கும். சொந்தப் பாட்டு, அதுவும் தமிழில் என்றால் 'தண்ணி குடிச்சிட்டு வரலாம்' என்று கூட்டம் நகர்ந்துவிடும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர்களில் கேபர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' முக்கியமானது. 2014-ல் 'வாயை மூடி பேசவும்', 'முண்டாசுப்பட்டி' படங்களில் இசையமைப்பாளராக அறிமுகமாவதற்கு முன்பே, 'ஷான் ரோல்டன் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று தனக்கென ஒரு குழு வைத்து மேடையேறியவர் ஷான் ரோல்டன்.

பிறகு வந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ பெய்ன்ஸ் பள்ளி மைதானம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழுவில் 19 பேர். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் டோலக்கும் இன்னொரு பக்கம், நடுவில் கானாவும் ராப்பும். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதி பேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, வட சென்னை வாழ்க்கை என்று சினிமாப் பாட்டு தொடத் தயங்கும் விஷயங்களைப் பாடினார்கள். பாடகி இசைவாணி 2020-ல் பி.பி.சி-யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அறிவு 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பத்தோடு தனியாகவும் கிளம்பினார்.

தமிழில் சினிமா இல்லாமலும் கூட்டம் சேரும் என்பதை இவர்கள் நிரூபித்துவிட்டார்கள். அதனால் 'முடியுமா?' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எப்படி?' என்பதற்கே போய்விடலாம்.

குறிலை இழுத்தா அர்த்தம் போச்சு!

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். 'தன்னன்னா'வுக்குள் கவிஞர் வார்த்தையை உட்கார வைப்பார். பேண்டில் அப்படி ஒரு வரிசை கிடையாது. ஒருத்தர் நாலு நோட்டில் ஒரு ரிஃப் வாசிப்பார். டிரம்மர் அதற்கு ஒரு தாளம் பிடிப்பார். பாடுபவர் வாய்க்கு வந்ததை உளறுவார். அந்த உளறலில் ஒரு வரி நிற்கும். மொத்தமும் யாரோ ஒருவரின் போனில் வாய்ஸ் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ராக் பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு உயிரொலியை இழுத்துக் கத்துவது வழக்கம். ஆங்கிலத்தில் எந்த இடத்தில் இழுத்தாலும் பெரும்பாலும் வார்த்தை மாறாது. தமிழில் குறிலை நெடிலாக்கினால் வார்த்தையே வேறு. 'படம்' என்பதை இழுத்தால் 'பாடம்'. 'கல்' இழுத்தால் 'கால்'. 'வடை' இழுத்தால் 'வாடை'. ஆங்கில ராக்கின் மெட்டில் தமிழை அப்படியே போட்டால் 'என்னமோ டப்பிங் பாட்டு மாதிரி இருக்கே' என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு ரொம்ப எளிது. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் நெடில் வருகிற மாதிரி வரியை மாற்றி எழுதுங்கள். வல்லின ஒற்று வரும் வார்த்தைகளை ஸ்னேர் அடி விழும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 'பட்டு', 'முட்டி', 'தப்பு' எல்லாம் தாமாகவே தாளம் போடும் வார்த்தைகள். கானா பாடுகிறவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கிட்டாரோடு கானாவைச் சேர்த்தபோது ஒட்டவைத்த மாதிரி தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். தாளம் ஏற்கெனவே அந்த மொழிக்குள் இருந்தது, கிட்டார் அதன் பின்னால் வந்து நின்றது.

இன்னொரு விஷயம். பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'உன் விழியில் விழுந்தேன்' வகையறாவை சினிமா 50 வருஷமாக எழுதித் தீர்த்துவிட்டது. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றி, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோட்டைப் பற்றி, முதல் மாதச் சம்பளம் இ.எம்.ஐ-க்குப் போனதைப் பற்றி இன்னும் நிறைய பாட்டு பாக்கி இருக்கிறது.

ஒரு தாள், அஞ்சு கையெழுத்து

பாட்டு ரெடி. பார்ட்டி பண்ணுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. வரிகள் ஒன்று, அது எழுதியவருடையது. மெட்டு இரண்டாவது, அது இசையமைத்தவருடையது. பதிவு செய்த ஒலி மூன்றாவது, அது ரெக்கார்டிங்குக்குப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருடையது. டிரம்மர் போட்ட தாளமும் கிட்டாரிஸ்ட் போட்ட சோலோவும் பாட்டுக்கு உயிர் கொடுத்திருக்கலாம். ஆனால், மெட்டின் உரிமையில் அவர்களுக்குத் தானாகப் பங்கு வந்துவிடாது. பேசி வைத்துக்கொண்டால்தான் உண்டு.

இதை உலகத்தின் பெரிய பேண்டுகளே பட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1975-ல் 'குயீன்' பேண்ட் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' சிங்கிள் ஃப்ரெடி மெர்குரி எழுதியது. அதே இசைத்தட்டின் பின்பக்கம் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு. இசைத்தட்டு விற்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி. எல்லோரும் வாங்கியது முன்பக்கத்துக்காக, ஆனால் காசு சமமாகப் போனது. யார் பெயரில் பாட்டு என்ற பேச்சு அந்தக் குழுவுக்குள் வருஷக்கணக்கில் புகைந்தது. கடைசியில் 1989-ல் 'தி மிராக்கிள்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் 'குயீன்' என்ற பொதுப் பெயரில் போட்டார்கள். அமெரிக்காவின் 'ஆர்.இ.எம்' முதலிலிருந்தே நான்கு பேர் பெயரையும் சமமாகப் போட்டது.

எது சரி? இரண்டுமே சரி, முன்கூட்டியே பேசியிருந்தால். ஒரு ஏ4 தாள் எடுங்கள். பாட்டின் பெயர், தேதி, வரிகள் யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம், ரெக்கார்டிங் செலவு யாருடையது, யாராவது பேண்டை விட்டுப் போனால் என்ன ஆகும்... இத்தனையும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு வையுங்கள். ஆங்கிலத்தில் இதை ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள், நாம் பங்குத்தாள் என்று வைத்துக்கொள்வோம். 'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு மச்சான் இதெல்லாம்?' என்று ஒருத்தர் கேட்பார். அந்த ஃப்ரெண்ட்ஷிப் நிலைக்கணும் என்பதற்குத்தான் இந்தத் தாள். இன்று ரீல்ஸில் வைரலாகப் போவது பாடகரின் வரியா, கிட்டாரிஸ்ட்டின் நாலு செகண்ட் ரிஃப்பா என்று முன்னாடியே யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு மாமியும் 55 டெசிபலும்

டூர் போவதற்கு முன்னால் பிராக்டிஸ். புறநகரில் பேண்டுகளுக்கு முதல் எதிரி பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அனுமதிக்கப்பட்ட அளவு. டிரம்ஸை ஓங்கி அடித்தால் அது சுலபமாக 100 டெசிபலைத் தாண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. முட்டை அட்டை ரூமுக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, சத்தம் வெளியே போவதைத் தடுக்காது.

இப்போது பல பேண்டுகள் செய்வது இதுதான்: கிட்டார், பேஸ், எலெக்ட்ரானிக் டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸில் சொருகி, ஆளுக்கொரு ஹெட்போன். வெளியே கேட்பது குச்சி தட்டும் சத்தமும் பாடகரின் குரலும்தான். ஷோவுக்கு முந்தைய இரண்டு மூன்று பிராக்டிஸை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூமில் முழு சத்தத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அறுபதாயிரம் சம்பளம்... கையில எவ்ளோ?

'டூர்' என்றதும் பஸ் முழுக்க ஸ்டிக்கர், ஸ்டேடியம் என்று கற்பனை ஓடும். தமிழ் பேண்டின் டூர் என்பது வார இறுதிகள். வெள்ளிக்கிழமை ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு பெங்களூரு, அடுத்த மாதம் கோவை, இன்னொரு சனிக்கிழமை புதுச்சேரி. உள்ளூரில் வேளச்சேரி ஃபீனிக்ஸ் மால் மேடை, ஜூன் 21 உலக இசை தினத்தை ஒட்டிய நிகழ்ச்சிகள், நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரிலிருந்து நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' போன்ற மேடைகள்.

ஒரு கணக்குக்காக, அஞ்சு பேர் கொண்ட பேண்டுக்கு பெங்களூரு ஷோ ஒன்றுக்கு 60,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேன் 18,000. ராத்திரி தங்க ரூம் 5,000. சாப்பாடு 4,000. சவுண்ட் இன்ஜினீயர் 8,000. ஷோவுக்காக எடுத்த ஜாம் ரூம் வாடகை 3,200. கம்பி, குச்சி, கேபிள் 1,500. மொத்தச் செலவு 39,700. மிச்சம் 20,300. இதற்கு நடுவில் பணம் தருகிறவர் 10% டி.டி.எஸ், அதாவது 6,000 ரூபாய் பிடித்துக்கொள்வார். கையில் நிற்பது 14,300. அஞ்சாகப் பிரித்தால் ஆளுக்கு 2,860 ரூபாய்!

இதில் மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, டி.டி.எஸ் பணம் போய்விட்ட பணம் இல்லை. வருமானம் வரி கட்டும் அளவுக்குக் கீழே இருந்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பலர் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்காமல், பேண்டுக்கு என்று ஆறாவது பங்கு ஒன்றை ஒதுக்குங்கள். அடுத்த ரெக்கார்டிங் செலவு அங்கிருந்துதான் வரணும். மூன்று, ஆள் கூடக்கூட கணக்கு இறுகும். ஸ்லீப்பர் கோச்சில் ஒரு தடுப்பில் 8 பெர்த். 19 பேர் கொண்ட குழு என்றால் இரண்டு தடுப்பு போதாது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரியான குழு ஒவ்வொரு முறை ஊர் தாண்டும்போதும் இந்தக் கணக்கைப் போட்டாகணும்.

ரயிலில் போனால் செலவு குறையும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ வரை லக்கேஜ் இலவசம். முழு டிரம் செட்டைத் தூக்க வேண்டாம். அது பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் சொந்தமாக எடுத்துப்போவது வழக்கம். மேடையில் யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், எத்தனை பிளக் பாயின்ட் என்று ஒரே பக்கத்தில் படம் வரைந்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பாதி பணத்தை முன்பணமாக வாங்காமல் வேன் ஏறாதீர்கள். பேசியதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

ஷோ முடிந்ததும் வாசித்த பாட்டுப் பட்டியலை சேமித்து வையுங்கள். 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பு, பாட்டு பொதுவெளியில் ஒலிக்கும்போது லைசென்ஸ் கட்டணம் வசூலித்து வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. உறுப்பினராகி, பாட்டையும் பதிவு செய்திருந்தால்தான் உங்கள் பெயரில் பணம் சேரும். பதிவு செய்யும்போது பங்கு சதவீதம் கேட்பார்கள். ஞாபகம் இருக்கா அந்த ஏ4 தாள்?

ஆல்பத்தை மாசம் ஒண்ணா கொடுத்தாங்க!

'இந்தியன் ஓஷன்' தெரியும்தானே? 2000-ல் 'கண்டிசா' ஆல்பத்தால் நாடு முழுக்கப் பிரபலமான டெல்லி பேண்ட். 2010-ல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தாங்கள் வருஷக்கணக்கில் பிராக்டிஸ் செய்த பழைய வீட்டின் விலாசத்தையே தலைப்பாக வைத்து, '16/330 கஜூர் ரோடு' என்ற ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2007-ல் இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' தன் ஆல்பத்துக்கு 'விருப்பப்பட்ட விலையைக் கொடுங்க' என்று சொன்னதன் இந்திய வடிவம் மாதிரி. ஒரு நாள் பேச்சாக முடிந்திருக்க வேண்டிய ஆல்பம், மாதக்கணக்கில் பேசப்பட்டது. அப்படிக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், பாட்டு அவர்கள் கையில் இருந்தது. சொந்தப் பொருளைத்தான் இலவசமாகக் கொடுக்க முடியும்!

இன்றைய ஸ்ட்ரீமிங் காலத்துக்கும் அதே வழிதான். எட்டுப் பாட்டையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்றைத் தனித்தனியாக விட்டு, பிறகு முழு ஆல்பம். டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் பாட்டை ஏற்றும்போது ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி எண் கிடைக்கும். அது பாட்டின் ஆதார் கார்டு மாதிரி. பத்திரம். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களின் பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க, ரிலீஸுக்கு குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டு அங்கே போயிருக்கணும். நாலு வாரம் முன்பே ஏற்றிவிட்டால் நிம்மதி.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 செகண்ட் கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். 2024-லிருந்து, கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமாவது வராத பாட்டுக்குப் பணமே இல்லை. அதனால் முன்னிசையில் ஒரு நிமிஷம் காற்று, மழை, ரயில் சத்தம் வைப்பதற்கு முன்னால் யோசியுங்கள். 'ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்' என்று டி.எம்-ல் வருபவர்களை பிளாக் பண்ணிவிடுங்கள். போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

அதைவிட உருப்படியான வழி பழைய வழிதான். ஒவ்வொரு ஷோவிலும் ஒரு கியூ.ஆர் கோடு ஒட்டுங்கள். ஸ்கேன் பண்ணினால் உங்கள் வாட்ஸ்அப் சேனல். அல்காரிதம் மாறினாலும் அந்தப் பட்டியல் உங்களோடவே இருக்கும். 200 பேர் உண்மையாகவே காத்திருந்தால், அடுத்த ஷோவுக்கு டிக்கெட் போடலாம், டிஷர்ட் விற்கலாம். லட்சம் வியூஸ் வந்த ரீல் அந்தச் சட்டையை வாங்காது.

கையெழுத்து போடும் முன் ஒரு நிமிஷம்!

பாட்டு ஹிட் ஆனால் கம்பெனிகள் தேடி வரும். உண்மையான சோதனை அங்கேதான். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கேட்காத தமிழர் குறைவு. சுயாதீனப் பாட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதுதான் உச்சம். அதே பாட்டில் யாருக்கு எவ்வளவு பெயர் என்ற விவாதம் 2021-லும் 2022-லும் பொதுவெளிக்கு வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நாம் நீதிமன்றம் இல்லை. ஆனால், அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்தக் கேள்வி வருமென்றால், மொட்டைமாடி பேண்டுக்கு வராதா?

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குச் சேரவேண்டிய சமபங்கை ஒப்பந்தம் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ ஐ.பி.ஆர்.எஸ் மாதிரியான அமைப்புக்கோ மட்டும்தான் தரலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

ஆனால் ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று அச்சடித்து வந்துவிட்டால் கால வரம்பும் எல்லையும் காணாமல் போகும். அந்த இரண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்கள். எத்தனை வருஷம், எந்தெந்த ஊடகம், கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவார்கள் என்று கேளுங்கள். 'இன்னைக்கே சைன் பண்ணணும்' என்று அவசரப்படுத்தினால், ஒரு வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் கேளுங்கள். நல்ல கம்பெனி அந்த இரண்டு நாளைத் தரும். தராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வரிக்கும் மெட்டுக்குமான உரிமை, எழுதியவரின் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்து 60 வருஷம் வரையும் நிற்கும். 22 வயதில் நீங்கள் எழுதும் ஒரு பாட்டு, உங்கள் பேரப்பிள்ளைகள் ரிட்டயர் ஆகும் காலம் வரைக்கும் உங்கள் குடும்பத்துச் சொத்தாக இருக்கலாம். கிட்டார் கம்பியை மாதாமாதம் மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்தை மாற்ற முடியாது.

அடுத்த ஜாமிங் எப்போ? போகும்போது பேனா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.